வலி நின்றால் நோய் நின்றதாகுமா?

நமது நாட்டில் ஒரு குழந்தை ஏதேனும் உறுப்புக் குறையோடு பிறந்துவிட்டால், அதற்குக் காரணம் சொல்ல வைத்தியர் வருவதற்கு முன்பே நான்கு பேர் வந்துவிடுகிறார்கள். ஒருவர் பூர்வ ஜென்மப் பாவம் என்கிறார். மற்றொருவர் ஜாதகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சனியின் பார்வை என்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, கர்ப்பமாயிருந்தபோது கிரகணத்தன்று வெளியில் வந்தாள் என்று பெற்றவள் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். நாலாவது ஆசாமி தாயத்தோடு வந்து சேருகிறார். இந்த நால்வருக்கும் மிகவும் வசதியாய் அமைந்திருக்கும் ஒரு நோயைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம். சிறுநீரகமும் அதிலிருந்து இறங்கும் குழாயும் கூடுமிடத்தில் பிறவியிலேயே ஏற்படும் அடைப்புதான் அது.

முதலில் அவ்வுறுப்பின் சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகெலும்புக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஜனங்கள் கிட்னி என்று சொல்லுவது இதைத்தான். இவை இரத்தத்திலுள்ள கழிவைப் பிரித்தெடுக்கின்றன. பிரிந்த நீர், உட்பக்கத்திலுள்ள புனல் போன்ற ஒரு பையில் சேர்ந்து, அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்றின் வழியாய் மூத்திரப் பைக்கு இறங்குகிறது. கூரைத் தண்ணீர் தகரக் குழாயில் விழுவதுபோல் அது தானாக விழுவதில்லை. மண்புழு சுருங்கிச் சுருங்கி நகருவதுபோல, அக்குழாயின் தசை அலையலையாய்ச் சுருங்கி நீரைக் கீழே தள்ளுகிறது. புனலும் குழாயும் கூடுமிடத்தில் அந்தத் தசை கருவிலேயே சரியாக அமையாது போனால், அலை அங்கேயே நின்றுவிடுகிறது. சிலருக்குச் சிறுநீரகத்தின் அடிப்பாகத்துக்குப் போகும் ஒரு இரத்தக் குழாய் குறுக்கே ஓடி, அந்த இடத்தை மடக்கிவிடுகிறது. நீர் தேங்குகிறது, புனல் வீங்குகிறது, வீக்கம் சிறுநீரகத்தின் சதையை நெருக்குகிறது. இவ்வளவுதான் விஷயம். இதில் பாவம் எங்கே இருக்கிறது? சனி எங்கே இருக்கிறது?

ஏறக்குறைய 1,000 முதல் 1,500 குழந்தைகளுக்கு ஒன்று இக்குறையோடு பிறக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் அதிகம். பூர்வ ஜென்மப் பாவத்துக்கு இடது வலது தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள். கிரகணத்தைத் தொலைநோக்கி வைத்து வேடிக்கை பார்க்கும் தேசங்களிலும் இக்குறை இருக்கிறது. அன்றியும், கரு உண்டான முதல் சில மாதங்களுக்குள்ளாகவே சிறுநீரகம் உருவாகி நீரைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. அப்படியிருக்க, ஏழாம் மாதத்துக் கிரகணத்தைக் காட்டி ஒரு தாயை ஆயுள் முழுவதும் அழ வைப்பது அறிவீனம் மாத்திரமல்ல, கொடுமையுமாகும்.

நிற்க, தாயத்துக்காரருக்கு இந்நோய் வசதியானது என்றோமே, அது எப்படியென்று பார்ப்போம். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வடைப்பினால் வரும் வலி விட்டு விட்டு வருவது. நிறையத் தண்ணீர் குடித்த பின் விலாவிலோ வயிற்றிலோ வலி கண்டு, வாந்தியும் எடுத்து, பிள்ளை துடிக்கும். சில மணி நேரத்தில் தேங்கிய நீர் எப்படியோ கசிந்து இறங்கிவிட்டால் வலி தானே நின்றுவிடும். அதற்குள் ஒருவர் மந்திரித்திருப்பார். ஒருவர் தொக்கம் எடுத்திருப்பார். ஒரு பாவி வயிற்றில் சூடும் போட்டிருப்பார். வலி நின்ற புகழ் முழுவதும் அவர்களுக்கே போய்ச் சேரும். அடுத்த மாதம் வலி வந்தால் மறுபடியும் அவர்களிடமே ஓடுவார்கள். இப்படியே வருஷங்கள் போகும். வலி போய்ப்போய் வரும். சிறுநீரகமோ போனது போனதுதான். அழிந்த அதன் சதை திரும்ப முளைப்பதில்லை.

இந்த வலியை 1864இல் கிராக்கோ நகர வைத்தியர் யோசெப் டீட்ல் என்பவர் எழுதி வைத்தார். சிறுநீரகம் இடம் விட்டு இடம் அலைவதே காரணம் என்று அவர் கருதினார். அடைப்பும் இவ்வலியைத் தரும் என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காக வைத்திய சாஸ்திரம் அதோடு நின்றுவிடவில்லை. 1891இல் ஜெர்மனியில் கூஸ்டர் என்பவர், ஒரே சிறுநீரகத்தோடிருந்த ஒரு பையனுக்குக் குழாயை வெட்டிப் புனலோடு மறுபடி இணைத்து வெற்றி கண்டார். 1949இல் இங்கிலாந்தில் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இருவர், கெட்ட பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல குழாயை நல்ல புனலோடு சேர்த்துத் தைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் பெரும்பாலும் அந்த முறையையே செய்கிறார்கள். 1993 முதல் சிறு துவாரங்கள் வழியாகவும் இதைச் செய்து வருகிறார்கள். தைத்த இடம் ஆறும்வரை உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் போன்ற குழலை வைத்து, சில வாரம் கழித்து எடுத்துவிடுகிறார்கள். 100 பேரில் 90 பேருக்கு மேல் இது பலிக்கிறது. எந்த வேண்டுதலுக்காவது இப்படி வெளிப்படையான கணக்கு உண்டா?

ஆனால், வீக்கம் என்றவுடனே கத்தியை எடுக்க வேண்டும் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கர்ப்பத்திலேயே ஸ்கேனில் தெரியும் சிறுநீரக வீக்கங்களில் பெரும்பாலானவை பிறந்தபின் தாமாகவே சரியாகிவிடுகின்றன. இங்கேயும் தாயத்துக்காரருக்கு அதிர்ஷ்டந்தான்! அவர் கட்டாவிட்டாலும் வடியப் போகிற வீக்கத்துக்கு அவர் கட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொள்கிறார். அவசியமில்லாமல் வெட்டிவிட்டு நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்லும் வைத்தியர் ஒருவர் இருந்தால், அவருக்கும் தாயத்துக்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அளந்து பார்த்தீரா?

அளப்பதற்கு வழி இருக்கிறது. குழந்தை பிறந்து இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும். முதல் இரண்டு நாளில் சிசுவுக்குச் சிறுநீர் குறைவாகையால் வீக்கம் மறைந்திருக்கும். இரு பக்கமும் வீங்கியிருந்தாலும், இருப்பதே ஒரு சிறுநீரகமானாலும் இரண்டு நாள் காத்திராமல் உடனே பார்க்க வேண்டும். பிறகு சுமார் ஆறு வாரத்தில், நரம்பில் ஒரு சிறு மருந்தைச் செலுத்தி, ஒவ்வொரு சிறுநீரகமும் மொத்த வேலையில் எத்தனை பங்கு செய்கிறது, நீர் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். சாதாரணமாய் இரண்டும் ஏறக்குறையப் பாதிப்பாதி செய்யும். வீங்கிய பக்கத்தின் பங்கு 100க்கு 40க்குக் கீழே போனாலோ, சோதனைக்குச் சோதனை இறங்கி வந்தாலோ, வீக்கம் வளர்ந்தாலோ, வலியும் காய்ச்சலும் தொடர்ந்தாலோ சஸ்திர சிகிச்சை வேண்டும். இல்லையானால் குறித்த காலத்தில் மறுபடி மறுபடி அளந்து பார்த்திருந்தால் போதும். காத்திருப்பது வேறு, கைவிடுவது வேறு. பிள்ளை நன்றாய்ப் பால் குடிக்கிறது, சிரிக்கிறது என்று அடுத்த ஸ்கேனுக்குப் போகாமலிருப்பது கைவிடுவதேயாகும். ஏனெனில் இந்நோய் பெரும்பாலும் சத்தம் போடாமலே வேலை செய்கிறது.

ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. 1958இல் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்ட் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒலியைக் கொண்டு வயிற்றுக்குள் பார்க்கும் வழியை உலகுக்கு அறிவித்தார்கள். அந்த அறிவை நம்மவர் எதற்குப் பயன்படுத்தினார்கள்? ஆணா பெண்ணா என்று கேட்டு, பெண்ணானால் அழிப்பதற்கு! அதைத் தடுக்க 1994இல் ஒரு சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. அதே ஸ்கேன் சிசுவின் சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்று சொல்லும்போது மாத்திரம், அந்தச் சீட்டைப் பெட்டியடியில் போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடக்கிறார்கள். மேல்நாட்டான் கருவி வேண்டும், அவனுடைய ஆராய்ச்சிப் புத்தி மாத்திரம் வேண்டாம் என்றால் இது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவதாவது: கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாத வாக்கில் எடுக்கும் ஸ்கேனில் சிசுவின் சிறுநீரகத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வைத்தியரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு விலாவலியும் வாந்தியும் விட்டு விட்டு வந்தாலும், அடிக்கடி காரணந்தெரியாத காய்ச்சலும் நீர்க்கடுப்பும் கண்டாலும், விலாவில் சிறு அடி பட்டதும் சிறுநீரில் இரத்தம் வந்தாலும், வலி நின்றுவிட்டதென்று சும்மா இராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பணமில்லாதவர்கள் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளுக்கான சஸ்திர சிகிச்சைப் பகுதி எங்கேயென்று கேட்டுப் போகலாம். அது தருமமல்ல, நாம் கொடுக்கும் வரியால் நடப்பது. கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

விரலகலம்கூட இல்லாத ஒரு இடத்தில் தசை சரியாக அமையவில்லை. அதற்காக ஒரு தாயைப் பாவியாக்கவும் வேண்டாம். ஒரு பிள்ளையின் சிறுநீரகத்தை விதிக்குப் பலி கொடுக்கவும் வேண்டாம். விதி என்று விட்டதை மனிதன் 1891லேயே ஊசி நூல் கொண்டு தைத்துக் காட்டிவிட்டான்.