கொழும்பில் பரிமாறும் நம் பிள்ளைகள்

சில மாதங்களுக்கு முன் கொழும்புக்குச் சென்றிருந்தபோது, வெள்ளவத்தைக் காலி வீதியில் உள்ள ஒரு சாப்பாட்டுக்கடையில் மதிய உணவுக்காக அமர்ந்தேன். தண்ணீர்க் குவளையுடன் வந்த இளைஞர் என்னைக் கண்டதும் தயங்கி நின்றார். எனக்குத் தெரிந்த பிள்ளைதான். பலாலிப் பக்கத்துச் செம்மண்ணில் வெங்காயமும் வாழையும் செய்து வாழ்ந்து, 1990 இல் இடம்பெயர்ந்து, இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதிருக்கும் ஒரு குடும்பத்தின் மகன். "மகன் கொழும்பில கொம்பனி வேலை" என்று அவருடைய தாயார் என்னிடம் பெருமையோடு சொல்லியிருந்தார். சோற்றை வைத்துவிட்டு அந்தத் தம்பி மெல்லக் குனிந்து, "சுவாமி, நான் இங்க நிக்கிறன் எண்டு அம்மாட்டச் சொல்லிப் போடாதேங்கோ" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வேண்டுகோள் என் மனதை விட்டு அகலவில்லை. களவு செய்தவன் அல்ல, கடன் வாங்கி ஏமாற்றியவன் அல்ல. பசித்தவருக்கு உணவு பரிமாறுகிற ஒரு பிள்ளை ஏன் ஒளிந்து வாழ வேண்டும்?

இதை வாசிக்கும் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சைவக்கடைகளிலும் கொத்துரொட்டிக் கடைகளிலும் வடக்கு, கிழக்கு, மலையகத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். காணி இழந்தவனுக்குப் படிப்புச் சான்றிதழ் கேட்காத வேலை இது. தங்க இடமும் மூன்று நேரச் சாப்பாடும் கிடைக்கும் என்பதால் முதன்முதலாகக் கொழும்புக்கு வருகிறவனுக்கு இது கதவாகவும் அமைகிறது. ஆகவே இந்த வேலையைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவது நல்லது.

முதலில், அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். காலை ஐந்து மணிக்கே எழுந்து மேசை துடைக்க வேண்டும். ஆறு மணிக்கு இடியப்பமும் தோசையும் கேட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணிக்குச் சோற்றுக் கூட்டம் தொடங்கினால் இரண்டரை மணிவரை மூச்சுவிட நேரமில்லை. பின்னேரம் சிறிது ஓய்வு. இரவு பத்து, பதினொரு மணிவரை மீண்டும் ஓட்டம். எந்த மேசைக்கு எத்தனை வடை, யாருக்குச் சீனி இல்லாத தேநீர் என்று அனைத்தையும் தலையில் வைத்திருக்க வேண்டும். ஒருவர் "தம்பி" என்பார், ஒருவர் "மல்லி" என்பார், இன்னொருவர் விரலைச் சொடுக்குவார். மூவருக்கும் ஒரே முகத்தைக் காட்ட வேண்டும். வயலில் வேலை செய்தவனுக்கு உடல் உழைப்புப் புதிதல்ல. ஆனால் நாள் முழுவதும் நின்றுகொண்டே, மற்றவருடைய கோபத்தை விழுங்கிக்கொண்டு உழைப்பது வேறு வகையான களைப்பு.

இந்தத் தொழிலுக்கும் போகங்கள் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் சைவக்கடைகளில் இடம் கிடையாது. ஆடிவேல் காலத்தில் வெள்ளவத்தைப் பக்கம் கலகலப்பாகும். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கு வரும் மக்களாலும், ஜூன் 13 திருநாளாலும் கொட்டாஞ்சேனைக் கடைகள் நிரம்பும். அந்த நாட்களில் 'ரிப்ஸ்' காசு சேரும். சித்திரைப் புத்தாண்டில் நகரம் வெறிச்சோடும், கைக்காசும் வற்றும். இப்போது பலர் கைத்தொலைபேசி வழியாகச் சாப்பாட்டை வீட்டுக்கே எடுப்பிக்கிறார்கள். கடையில் வேலை குறைவதில்லை; ஆனால் மேசையில் அமர்ந்து உண்டு சந்தோசக் காசு வைப்பவர் குறைகிறார்.

பெரிய பஞ்சங்களும் வந்துபோயின. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழருடைய கடைகள் எரிந்தபோது அவற்றில் வேலை செய்தவர்களின் பிழைப்பும் எரிந்தது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை ஆலயத்தில் குண்டு வெடித்த பின் கொட்டாஞ்சேனை வாரக்கணக்காக முடங்கிக் கிடந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாட்டால் அடுப்பு எரியாத கடைகள். இவை ஒவ்வொன்றிலும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பரிமாறும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

விவசாயிகளாகிய உங்களுக்கு ஏற்ற இறக்கம் புதிய பாடம் அல்ல. மழை பிந்தும், வெள்ளம் வரும், வெங்காய விலை விழும். "அடுத்த போகம் பார்ப்பம்" என்று மீண்டும் மண்ணைக் கொத்துகிறவர்கள் நீங்கள். அந்தப் பொறுமையை உங்கள் பிள்ளைகளும் உங்களிடமிருந்து கற்றிருக்கிறார்கள். ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். வானம் பொய்ப்பதற்கு நாம் யாரிடமும் முறையிட முடியாது. ஆனால் பதினைந்து மணி நேர வேலையும், நியமனக் கடிதம் இல்லாத சேவையும், உடைந்த கோப்பைக்குச் சம்பளத்தில் வெட்டும் வானத்திலிருந்து வருவன அல்ல. அவற்றை மனிதர் செய்கிறார்கள். மனிதரால் மாற்றவும் முடியும். முதல் வகைத் துன்பத்துக்குப் பொறுமை மருந்து. இரண்டாம் வகைத் துன்பத்துக்குப் பொறுமையை மட்டும் போதித்தால் நாம் அநீதிக்குத் துணை போனவர்கள் ஆவோம். ஆலயத்தில் போதிக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலைநேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும்; அந்த மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டக்கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபா. 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாச் சம்பளத்தில் ஒரு பிள்ளை 6 ஆண்டுகள் வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி இரு நிதிகளுக்கும் செலுத்த வேண்டியது மாதம் 4,500 ரூபா. 6 ஆண்டுகளில் வட்டி சேர்க்காமலே 324,000 ரூபா. அந்தக் கடையில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், 5 ஆண்டு நிறைவுற்றவருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. அது 90,000 ரூபா. மொத்தம் 414,000 ரூபா. ஒரு கிணறு இறைக்க இயந்திரம் வாங்கவோ, தங்கையின் படிப்பைத் தொடரவோ உதவக்கூடிய பணம். பதிவு இல்லாமல் வேலை செய்கிற பிள்ளை இழப்பது இதைத்தான். பிள்ளைக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

"சுவாமி, சட்டம் பேசினால் அடுத்த நாளே வெளியே போகச் சொல்வார்கள்" என்று அந்த இளைஞர்கள் என்னிடம் சொல்வதுண்டு. அது பொய்யான பயம் அல்ல. "முதலாளி எங்கட ஆள், ஒருவரும் இடம் தராத நேரத்தில் இடம் தந்தவர்" என்றும் சொல்கிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. சிறிய கடை முதலாளிகள் வாடகையாலும் எரிவாயு விலையாலும் நசுங்குவதை நானும் அறிவேன். பிள்ளை நோயுற்றபோது தன் செலவில் மருந்து வாங்கிக் கொடுத்த முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் நன்றி வேறு, கூலி வேறு. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891 இல் எழுதிய சுற்றுமடலில், தொழிலாளி தேவையினால் சம்மதித்துவிட்டாலும் வாழ்க்கைக்குப் போதாத கூலி நீதியான கூலி ஆகாது என்று எடுத்துக்காட்டினார். நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அந்தப் போதனை நம் காதில் முழுமையாக விழவில்லை.

ஆகவே தனியாகப் போய்ச் சண்டை பிடிக்கும்படி நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, மரியாதையாக, முதலில் நியமனக் கடிதத்தையும் சேமலாப நிதி இலக்கத்தையும் கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்த நாள், ஒவ்வொரு நாளும் வேலை செய்த நேரம், கையில் வாங்கிய சம்பளம் ஆகியவற்றை ஒரு சிறு கொப்பியில் எழுதி வாருங்கள். கடிதம் இல்லாதவனுக்கு அந்தக் கொப்பி ஒரு சாட்சி. பேச்சு பலிக்காவிட்டால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்திலோ மாவட்டத் தொழில் அலுவலகத்திலோ முறையிடலாம். தொழிற்சங்கம் அமைக்க 7 பேர் போதும் என்று 1935 ஆம் ஆண்டிலேயே சட்டம் வகுக்கப்பட்டது. கர்தினால் கார்டைன் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் "பார், சிந்தி, செயற்படு" என்று கற்பித்தது. கொழும்புப் பங்குகளில் ஞாயிறு பின்னேரத்தில் பத்துப் பிள்ளைகள் கூடி இப்படிப் பார்த்துச் சிந்திக்க ஒரு மண்டபம் திறந்து கொடுத்தால், அது பெரிய மறைப்பணி.

ஏற்ற இறக்கத்தைத் தாங்க அந்தப் பிள்ளைகளும் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டும். ரிப்ஸ் காசை நம்பி மாதச் செலவைத் திட்டமிடக்கூடாது. மழை பெய்தால்தான் நிரம்பும் குளம் அது. நிரம்பும் நாளில் தேக்கி வையுங்கள். சேமிப்பை முதலாளியிடம் அல்ல, உங்கள் பெயரில் வங்கியில் வையுங்கள். முற்பணம் வாங்கி வாங்கிக் கடனாளியாகிவிட்டால் விட்டுப் போகும் சுதந்திரமும் போய்விடும். இரவுக் களைப்புக்குப் போத்தல் மருந்தல்ல. கால் வீக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஓய்வு கிடைக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள். சிங்களம் கற்றுக்கொள்ளுங்கள், பேசத் தெரிந்தவனைத் திட்டுவது எளிதல்ல. செய்த வேலையின் அனுபவத்தையே சோதித்துத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடும் இந்த நாட்டில் உண்டு. அது கையில் இருந்தால் பெரிய ஹோட்டலின் கதவையும் தட்டலாம்.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொலைபேசியில் "இந்த மாதம் எவ்வளவு அனுப்புவாய்?" என்று கேட்பதற்கு முன், "எத்தனை மணிக்குப் படுத்தாய்? லீவு தாறாங்களோ? சேமலாப நிதி கட்டுறாங்களோ?" என்று கேளுங்கள். கொரோனாக் காலத்தில் வேலையிழந்து திரும்பிய பிள்ளைகளை ஊரார் கேலி பேசியதைக் கண்டேன். அவர்கள் தோற்று வரவில்லை. கடை பூட்டப்பட்டதால் வந்தார்கள். பதினாறு வயது நிறையாத பிள்ளையை எந்த நெருக்கடியிலும் கடைக்கு அனுப்பாதீர்கள்; அது சட்டத்துக்கும் விரோதம். இன்னொன்று: பிள்ளை கொழும்பில் உழைக்கிறான் என்பதற்காகக் காணிக் கோரிக்கையைக் கைவிடாதீர்கள். சாப்பாட்டுக்கடைச் சம்பளம் பிடுங்கப்பட்ட காணிக்கு நட்டஈடு அல்ல. அவன் விரும்பினால் திரும்பி வருவதற்கு ஒரு மண் இருக்க வேண்டும்.

கானாவூர்த் திருமணத்தை நினைத்துப் பாருங்கள். திராட்சை இரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரியும். ஆண்டவருடைய முதல் அருங்குறி நிகழ்ந்த விதத்தை அறிந்திருந்தவர்கள் பரிமாறிய அந்த ஏழைகளே. இறுதி இராவுணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடரின் பாதங்களைக் கழுவியவரும் அவரே. அவர் விரும்பி ஏற்ற ஒரு பணியை நம் வீட்டுப் பிள்ளை செய்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியவர் கூலியைக் குறைத்தவர்தான்.

அந்தத் தம்பி சென்ற நத்தாருக்கு ஊர் வந்தபோது தாயிடம் தானே உண்மையைச் சொன்னதாக அறிந்தேன். தாய் கோபிக்கவில்லையாம். "நாள் முழுக்க நிண்டா கால் நோகாதோ, ராசா?" என்று மட்டும் கேட்டாராம். நியமனக் கடிதம் கேட்கும் துணிவு அவருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் கொப்பி எழுதத் தொடங்கிவிட்டார். நம் ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பேச்சு தொடங்கட்டும், கொப்பியும் தொடங்கட்டும்.