மிதிக்கலாமா... வேண்டாமா?

லண்டனில் மேல்படிப்பா பாஸ்? ஜூன் மாசம் நெருங்கினா கிளாஸ்ல யாராவது கொக்கி போடுவாங்க: ‘பிரைட்டனுக்கு சைக்கிள்ல வர்றியா?’

லண்டன் டு பிரைட்டன் பைக் ரைடு. 54 மைல், அதாவது சுமார் 87 கிலோமீட்டர். 1976-ல் சின்னக் கூட்டமா ஆரம்பிச்சது. இதய நோய் ஆராய்ச்சிக்கு உதவும் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன்’ 1980-ல் கைகோத்தது. இப்போ ஆயிரக்கணக்கில் திரளுறாங்க.

பேர் கொடுக்கும் முன்னாடி மூணு கேள்வி.

கால் தாங்குமா? களைச்சுப் போன நேரம் பார்த்து எதிரே நிற்கும் டிட்ச்லிங் பீக்கன், 248 மீட்டர் உயரக் குன்று. நிறைய பேர் இறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் ஏறுவாங்க. அதுல வெட்கமே இல்லை. ஆனா, சில வாரமாவது ஓட்டிப் பழகாம போனா, குன்றுக்கு முன்னாடியே முட்டி கெஞ்சும்.

பறக்க ஆசையா? வேற நாள் பாருங்க. குறுகலான கிராமத்துச் சாலை, செம கூட்டம். முன்னாடி போறவர் தாத்தாவா இருக்கலாம்.

மூணாவதுதான் முக்கியம். காசு கேட்கத் தயாரா? நுழைவுக் கட்டணம் ஏற்பாட்டுச் செலவுக்கே சரியாப் போயிடும். ஆராய்ச்சிக்கு உதவுறது நீங்க தெரிஞ்சவங்ககிட்ட திரட்டுற ஸ்பான்சர் பணம்தான்.

கூச்சமா இருக்கா? தப்பில்லை. இன்னொரு ஞாயித்துக்கிழமை நண்பர்களோட ஜாலியா ஓட்டிட்டு, அந்தக் கட்டணத்தை நேரா நன்கொடையா கொடுத்துடுங்க.

கேட்கத் துணிஞ்சாச்சா? உடனே பேரைக் கொடுங்க. பத்துப் பேர்கிட்ட காசு கேட்டவருக்கு டிட்ச்லிங் பீக்கன் எல்லாம் ஜுஜுபி!