காயமுற்றவரா, காயமுறுபவரா?

ஆண்டுதோறும் ஆகஸ்டு பிறந்ததும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயிலும் நண்பர்களோடு நானும் ஃபேன்டஸி கால்பந்து டிராஃப்டில் இணையவழி அமர்கிறேன். என்எஃப்எல் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிவு செய்வோம். களத்தில் அவர்கள் ஈட்டுவது எங்கள் கணக்கில் புள்ளியாகும். முதற்சுற்றில் எழும் பெரும்பூசல் ரன்னிங் பேக்கைப் பற்றியது. பந்தை ஏந்தி எதிரணியின் மனிதச் சுவருக்குள் புகுந்து ஓடுபவர் அவர். பூசலை முடித்துவைக்க யாரேனும் ஒருவர் தவறாமல் வீசும் சொல் ஒன்றுண்டு: ‘இஞ்சுரி புரோன்’. அச்சொல்லின்மீதே என் வழக்கு.

இலக்கணம் கற்றோர்க்கு இதன் சூது எளிதில் விளங்கும். ‘காயமுற்றார்’ என்பது வினைமுற்று. காலமும் களமும் உடைய ஒரு நிகழ்வைக் கூறுகிறது. ‘காயமுறுபவர்’ என்பது வினையாலணையும் பெயர். நிகழ்ந்தது அங்கே ஆளின் பெயராகிவிடுகிறது. முன்னதற்குச் சான்று கேட்கிறோம். பின்னதற்குக் கேட்பதில்லை.

கேட்டுப் பார்ப்போம். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2020, 2021 பருவங்களில் அணியின் 33 ஆட்டங்களில் பத்தில் மட்டுமே ஆடினார்; அந்தப் பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. அடுத்த இரு பருவங்களில் 33 ஆட்டங்கள் ஆடினார். 2023இல் 1,459 யார்டுகள் ஓடி லீக்கிலேயே முதலிடம் பெற்றார். பட்டம் மறைந்தது. 2024இல் மிகப் பல டிராஃப்டுகளில் முதல் தெரிவு அவரே. அப்பருவத்தில் அவர் ஆடியவை நான்கே ஆட்டங்கள். சேக்வான் பார்க்லிக்கு 2020இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2024இல் அவரே 2,005 யார்டுகள் ஓடினார். ஆளின் இயல்பைச் சொல்வதாக நடிக்கும் இச்சொல், சென்ற பருவத்தின் நினைவையன்றி வேறெதையும் சொல்லவில்லை.

‘நிகழ்தகவு அறியாதவன் பேச்சு’ என்பீர்கள். தொடைத்தசைக் காயம் மீண்டும் வரக்கூடும் என்பதை நானும் ஒப்புகிறேன். அவ்வாறாயின் அக்காயத்தின் பெயரையும் அது நேர்ந்த காலத்தையும் சொல்லுங்கள். அவை தரவு. பட்டம் தரவன்று.

இது வெறும் விளையாட்டுப் பேச்சுமன்று. 2022இல் 1,653 யார்டுகள் ஓடி முதலிடம் பெற்றவர் ஜாஷ் ஜேக்கப்ஸ். 2023 ஜூலையில் அவருக்கும் பார்க்லிக்கும் டோனி போலார்டுக்கும் நீண்டகால ஒப்பந்தம் கிட்டாமலே கெடு கடந்தது. ரன்னிங் பேக் விரைவில் தேய்ந்துபோவார், அவருக்கு நெடுநாள் ஊதியம் எதற்கு என்பதே அன்று ஓங்கி ஒலித்த வாதம். 2024இல் பார்க்லியின் கையில் 345 முறை பந்து திணிக்கப்பட்டது. அதைத் தீர்மானித்தவர்கள் பயிற்சியாளர்கள். ‘தேய்ந்தார்’ என்னும் தன்வினை ‘தேய்த்தார்’ என்னும் பிறவினையை மறைக்கிறது. எழுவாயாக நிற்க வேண்டியவர் நழுவிவிடுகிறார். ஊதியப் பேச்சில் அணி முதலாளிகளுக்கு உதவும் அதே வாக்கியத்தை, மொழியியல் பயின்ற நாமும் டிராஃப்டில் கூலியின்றி ஒப்பிக்கிறோம்.

இவ்வாண்டு நான் கேட்கப்போகும் கேள்விகள் நான்கு. வயது என்ன? சென்ற பருவத்தில் எத்தனை முறை பந்தேந்தினார்? அவருக்கு வழி திறந்துவிடும் முன்வரிசை எத்தகையது? சுமையைப் பகிர மற்றொருவர் உண்டா? விடைகளைக் கண்டு ஒருவரைத் தவிர்ப்பதில் தவறில்லை. தவிர்க்கும்போது நிகழ்ந்ததைச் சொல்லித் தவிருங்கள். பெயர் சூட்டித் தவிர்க்காதீர்கள்.