நாற்றமடிக்கும் சேற்றுக்கு ஒரு வக்காலத்து

குற்றால அருவியில் குளிப்பவர்கள், அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அது சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலை அடைகிறது. அங்கே உப்புச் சேற்றில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம்!

"சதுப்பு நிலங்களும் பூமியைச் சூடாக்கும் மீத்தேனை வெளியிடுகின்றனவே, அவற்றை உலர்த்தி உப்பளமோ இறால் பண்ணையோ அமைத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அது பாதிக் கணக்கு என்பது என் கருத்து.

மாணவர்களே, உங்கள் ஊர்க் குளத்தின் கரையில் நின்று சேற்றை ஒரு கம்பால் குத்திப் பாருங்கள். குமிழிகள் கிளம்பும். 1776-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, மாஜோரே ஏரியில் இப்படித்தான் மீத்தேனைப் பிடித்தார். பிராணவாயு இல்லாத சேற்றில், மட்கும் பொருளிலிருந்து சில நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. கடற்கரைச் சேற்றிலோ அவற்றுக்குப் போட்டி இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. அதைக்கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள், மீத்தேன் நுண்ணுயிர்களின் உணவை முந்திக்கொண்டு தின்றுவிடுகின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம்.

மீத்தேன் அறவே வராது என்று சொல்லவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்து உப்புக் குறையும்போது கொஞ்சம் கூடலாம். ஆனால் அதே சேற்றில் இலையும் வேரும் நூற்றாண்டுக் கணக்கில் முழுதும் மட்காமல் புதைந்து கிடக்கின்றன. மரத்தை வெட்டி நிலத்தை உலர்த்தினால் காற்று உள்ளே புகும். சேர்ந்திருந்த கார்பன் கரியமில வாயுவாகக் கிளம்பும். வங்கிச் சேமிப்பை எல்லாம் காலி செய்துவிட்டு, மாதச் செலவில் நாலு ரூபாய் மிச்சம் என்று மகிழ்வதுபோலத்தான் இது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்த வழக்கில் முக்கியமாகப் பேசப்பட்டவை குடிநீரும் விளைநிலமும். மண்ணிலுள்ள கார்பனையும் இன்று அந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

தென்காசிக்காரர்களுக்கும் இதில் பங்குண்டு. வயலில் பயிர் எடுத்தது போக மிஞ்சிய யூரியாவும், ஊர்ச் சாக்கடையும் ஆற்றோடு இறங்குகின்றன. அவற்றிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டைச் சேற்று நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றக்கூடியது அது! புன்னைக்காயல் சேற்றின்மேல் குற்றம் சுமத்துமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சிற்றாற்றங்கரையில் நடந்து, எத்தனை இடங்களில் சாக்கடை கலக்கிறது என்று எண்ணி எழுதி வாருங்களேன்.