காவலும் ஒற்றும்

கொழும்புத்துறையில், எங்கள் சனசமூக நிலையத்திலே, அண்மையில் ஒரு கூட்டம் நடந்தது. பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்திருந்தார்; அவர் சொல்வதைத் தமிழாக்கித் தர இளம் பொலிஸார் ஒருவர் உடன் வந்தார். வாள்வெட்டு, களவு, கடல்வழி வந்திறங்கும் கஞ்சாப் பொதி, பள்ளிப் பிள்ளைகள் வரைக்கும் எட்டிவிட்ட போதைப்பொருள் ஆகியவற்றைத் தடுத்தற்கு ஊரவர் ஒத்துழைக்க வேண்டும். சிவில் பாதுகாப்புக் குழுவிற் சேர்ந்து, அறிந்ததை அறிவிக்க வேண்டும் என்பது அதிகாரியின் வேண்டுகோள். மனிதர் பண்பானவர், அதட்டிப் பேசவில்லை. எனினும் சபை வாய் திறக்கவில்லை. ஈற்றில் ஓர் ஆச்சி எழுந்தார்.

"தம்பி, வாளோடை திரியிறவங்களை நாங்கள் காட்டலாம். காட்டினது ஆரெண்டு விடியமுன்னம் அவங்களுக்குத் தெரியவராதெண்டு நீங்கள் சொல்லுவியளோ?"

"அது இரகசியமாய் இருக்கும், அம்மா" என்றார் இளைஞர். ஆச்சி மறுமொழி சொல்லாமல் இருந்துவிட்டார். அவர் நம்பவில்லை என்பதைச் சபை முழுதும் அறிந்தது.

அன்று தொட்டு என் மனத்தில் இரண்டு சொற்கள் நின்று பொருதுகின்றன. ஒன்று காவல், மற்றையது ஒற்று. காவல் ஊருக்குப் புதியதன்று. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுக்களில் வரும் பாடிகாவல் என்னுஞ் சொல் ஊர்க்காவலையும், அதன் பொருட்டு ஊரவர் இறுத்த வரியையும் குறிக்கும். நம் நாட்டிலும் விதானைமார் ஊரின் அமைதிக்குப் பொறுப்பாய் இருந்தனர். 1963 இல் அம்முறை ஒழிந்து கிராம சேவகர் பதவி வந்தது. விதானையாரின் ஆட்சி பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சாதித் திமிரும் காணிச் செருக்கும் அவர்களுட் பலரிடம் இருந்தன. ஆயினும் விதானையாரின் படலை எது என்று எவர்க்குந் தெரியும். அவர் தவறினால் அவர் முகத்துக்கு நேரே ஏசவும் ஆள் இருந்தது.

ஒற்று வேறு வகையானது. எனக்கு மீசை அரும்பிய பருவம், 1980களின் பிற்பகுதி. படையினர் ஊரைச் சுற்றி வளைத்து எங்களை வெளியிலே வரிசையாக நிறுத்துவர். முகத்தை மூடிய ஒருவன் முன்னே இருப்பான். அவன் தலை அசைந்தால் எதிரே நின்றவன் வீடு திரும்பான். 'தலையாட்டி' என்று ஊர் அவனுக்குப் பெயரிட்டது. அந்தச் சொல்லை அறிந்த ஓர் ஊரிடம் 'தகவல் தாருங்கள்' என்று கேட்கும்போது, கேட்பவர் ஒன்றை நினைத்துக் கேட்கிறார். கேட்டவர் காதில் வேறொன்று விழுகிறது. காக்கிச் சட்டையின் மேல் வேறு நினைவுகளும் படிந்துள. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவைப் பொலிஸாரின் பெயரின்றி எவருஞ் சொல்வதில்லை. 2016 ஒக்டோபரிற் குளப்பிட்டியில் பொலிஸார் சுட்டபோது மோட்டார்ச் சைக்கிளிற் சென்ற பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். அதனை முதலில் வெறும் விபத்தென்று சொன்னதையும் ஊர் மறக்கவில்லை.

இஃது எங்கள் ஊருக்கு மாத்திரம் உரிய சங்கடம் அன்று. எதிர்க்கரையாகிய இராமநாதபுர மாவட்டத்தில் 1993 இல் 'காவல்துறை நண்பர்கள்' என்ற இயக்கம், மாவட்டக் காவல் அதிகாரியாயிருந்த பிரதீப் பிலிப் என்பவரால் தொடங்கப்பட்டது. மக்களும் காவலரும் அணுகிப் பழகவேண்டும் என்ற நல்ல நோக்கம். தமிழ்நாடு எங்கும் பரவியது. 2020 ஜூனிற் சாத்தான்குளத்திலே வணிகராகிய தந்தையும் மகனும் காவலர் பிடியில் வதையுண்டு மாண்டனர். அங்கே அந்த 'நண்பர்'களும் இருந்தனர் என்ற குற்றச்சாட்டு எழ, அடுத்த மாதமே மாநில அரசு அவ்வியக்கத்தைத் தடை செய்தது. நண்பர் யாருக்கு நண்பர் என்பதை வரையறுத்து வைக்காததன் விளைவு இது என்றே நான் கருதுகிறேன். ஊரவர் சார்பில் நிலையத்துக்குச் சென்று கேள்வி கேட்க வேண்டியவர், நிலையத்தின் சார்பில் ஊருக்குள் வரும் கையாளாய் முடிந்தார்.

யப்பானிற் கோபன் என்னும் சிறு காவற்கூடங்கள் தெருத்தோறும் உள. அங்குள்ளோர் வீடுவீடாகச் சென்று பழகுவர். சிங்கப்பூர் 1983 இல் அம்முறையைத் தழுவியது. அங்கெல்லாம் காவலர் ஊரைத் தேடி வருகின்றனர். இங்கே ஊரைத் தம்மிடம் வருமாறு கேட்கின்றனர்.

மாணவர்க்கு நான் அடிக்கடி சொல்லும் ஒன்றுண்டு: திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் முறையைப் பாருங்கள். செங்கோன்மை முன்னே வருகிறது; பின் கொடுங்கோன்மை; பின் வெருவந்த செய்யாமை; அதன்பின் கண்ணோட்டம். இவ்வளவையும் கடந்த பிறகே ஐம்பத்தொன்பதாவதாக ஒற்றாடல். வள்ளுவர் ஒற்றரை வேண்டாமென்று தள்ளினாரல்லர். ஆனால் குடிகள் அஞ்சும்படி செய்யாதவனும் கண்ணோட்டம் உடையவனுமாகிய அரசனிடத்தன்றோ அந்தக் கருவியைக் கொடுக்கின்றார்! உரையாசிரியர்கள் இவ்வைப்பு முறைக்கு வேறு காரணமுங் கூறலாம். அதைப்பற்றி வாதாட இது இடமன்று.

கண்ணோட்டத்தை எங்கே தொடங்குவது? முறைப்பாட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் சைக்கிள் களவு போயிற்று. வேறோர் ஊர்ப் பொலிஸ் நிலையத்திலே நான் தமிழிற் சொல்ல, ஒருவர் சிங்களத்தில் எழுதினார். வாசித்துக் காட்டும்படி கேட்டேன். 'நீங்கள் சொன்னதுதான், ஐயா' என்றார். முப்பது ஆண்டு தமிழ் படிப்பித்தவன், எனக்கு விளங்காத வரிகளின் கீழே தமிழிற் கையொப்பம் வைத்தேன். சைக்கிள் திரும்பவில்லை, அதற்கு அவரைக் குறைகூறேன். ஆனால் அன்று என் சொல் என்னிடமிருந்து போனதைத்தான் இன்னும் மறக்கவில்லை. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அடுத்த ஆண்டின் பதினாறாந் திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கியது. தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுதப்படுவது முறைப்பாட்டாளரின் உரிமை என்று கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011 இல் எழுதிவைத்தது. சட்டத்திற் குறைவில்லை.

பொலிஸாரை அணுகாதிருந்தால் ஊர் தப்பும் என்று சொல்வாருடனும் எனக்கு உடன்பாடில்லை. என் வகுப்பில் இருந்த பையன்களிற் சிலரைப் போதைப்பொருள் கொண்டுபோயிற்று. ஒழுங்கையில் இரவிலே மோட்டார்ச் சைக்கிள் ஒலி கேட்டால் வீடுகள் விளக்கை அணைக்கின்றன. மௌனம் வாள் வைத்திருப்பவனுக்கே உதவி. ஆகவே குழு வேண்டும். அது ஒற்றர் கூட்டமாகாது காவலாக இருக்கவேண்டுமாயின், ஊர் கொடுத்த முறைப்பாடுகள் என்னவாயின என்பதைப் பொலிஸார் மாதந்தோறும் அந்தச் சபையிலே வந்து சொல்லவேண்டும். சொன்னவர் பெயர் வெளியே கசிந்தால், கசியவிட்டவர் யார் என்பதையும் அச்சபையிலே கேட்க இடமிருத்தல் வேண்டும். கேள்வி இருபக்கமும் ஓடாத இடத்தில் ஆச்சி எப்படி வாய் திறப்பார்?

கூட்ட முடிவிற் பெயர் கேட்டனர். நால்வர் கொடுத்தோம். கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதி நிலையத்து மேசையிலே எவரும் வாசிக்க வைக்கவேண்டும் என்று கேட்டேன், அதிகாரி இசைந்தார். அடுத்த கூட்டம் வருகிற மாதம். ஆச்சி பெயர் கொடுக்கவில்லை. வந்து இருந்து கேட்கிறேன் என்று மட்டுஞ் சொன்னார்.