மானியம் ரூ.30 லட்சம், அபராதம் ரூ.50: பன்றிப் பண்ணைகளில் விலங்கு நலன் எங்கே?

புதுதில்லி: பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள்கள். திரும்பிப் படுக்கவும் இடமில்லாத இரும்புக் கூண்டுகளில் சினைப் பன்றிகளை அடைத்து வைக்கும் முறை, வர்த்தகப் பண்ணைகளின் பெருக்கத்தோடு இந்தியாவிலும் விவாதப் பொருளாகியுள்ளது.

நடமாடப் போதிய நீள, அகல, உயரம் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பது, மிருகவதை தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால், முதல் முறை சிக்குவோருக்கு அபராதம் ரூ.10 முதல் ரூ.50 வரை மட்டுமே. மறுபுறம், தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் பன்றி இனப்பெருக்கப் பண்ணை அமைப்போருக்கு 50 சதவீத மூலதன மானியமாக ரூ.30 லட்சம் வரை கிடைக்கிறது. அபராதத்துக்கு அஞ்சாத உரிமையாளரும் மானிய நிபந்தனைக்குக் கட்டுப்படுவார் என்பதால், சீர்திருத்தத்தை அங்கிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு உகந்தது.

எதை அளப்பது என்பதே அடுத்த கேள்வி. கொட்டகையின் பரப்பளவை அளந்தால் மட்டும் போதாது. விலங்கையே பார்க்க வேண்டும் என்பது இத்துறையில் வலுப்பெற்றுள்ள அணுகுமுறை. நொண்டுதல், வால் மற்றும் காதுகளில் கடிகாயம், மூச்சிரைப்பு, உடலில் அப்பிய சாணம் ஆகியவை கவனிக்கப்படுகின்றன. பன்றிக்குப் போதிய வியர்வைச் சுரப்பு கிடையாது. கோடையில் சேறோ நீரோ கிடைக்காவிட்டால், உடலைக் குளிர்விக்கத் தன் கழிவிலேயே புரளும். எனவே, அழுக்கான பன்றி பெரும்பாலும் வெப்பத்தால் வாடும் பன்றி. அதற்குத் தேவை நிழலும் தெளிப்பு நீரும். வால் கடித்தலும் அவ்வாறே: வாலை நறுக்குவது காரணத்தைத் தீர்க்காது. கிளறி மெல்ல வைக்கோல் தருவதும் நெரிசலைக் குறைப்பதும் பலன் தரும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் சினைப் பன்றிகளைக் குழுவாக வளர்ப்பதைக் கட்டாயமாக்கியது. எனினும், இனச்சேர்க்கைக்குப் பிந்தைய முதல் 4 வாரங்களுக்குக் கூண்டு அனுமதிக்கப்படுகிறது.

இந்தியச் சூழல் வேறு. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள சுமார் 90.6 லட்சம் பன்றிகளில் 21 லட்சம் அஸ்ஸாமில் உள்ளன. வடகிழக்கில் பெரும்பாலானவை வீட்டுக் கொல்லையில் ஓரிரண்டாக வளர்பவை. அங்கு, 2020-இல் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்க பன்றிக் காய்ச்சல் பல குடும்பங்களின் சேமிப்பையே அழித்தது. பன்றிகளை அவிழ்த்துவிட்டால் நோய் பரவும். கட்டிப் போட்டால் நலன் கெடும். வேலியிட்ட நிழல் முற்றமும், வேகவைத்துத் தரப்படும் சமையல் கழிவும் இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. அதற்கு ஆகும் செலவை ஓரிரு பன்றிகள் வைத்திருப்பவரால் தனியாகச் சுமக்க இயலாது.