கோடிப்பக்கமும் பார்ப்போம்



அண்மையில் காணி உறுதி தேவைப்பட்டு, சாமான் அறையில் இருந்த றங்குப்பெட்டியை இழுத்தேன். அடியில் கறையான். துருப்பிடித்த ஓட்டையால் ஏறி, கீழே கிடந்த கடதாசிகளை அரித்திருந்தது. உறுதி மேலே இருந்ததால் தப்பியது. இடம்பெயர்ந்தபோதெல்லாம் காவித் திரிந்த சில கடிதங்கள் போய்விட்டன.

எங்களில் பலருக்கு உறுதியும் இறப்புச் சான்றிதழும் காணாமற்போனவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியும் இப்படி ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. முற்றத்தைத் தினமும் கூட்டுகிறோம். கோடிப்பக்கம் கண் போவதில்லை. இப்போது ஞாயிறுதோறும் அரைமணிநேரம் ரோச் லைற்றுடன் ஒரு சுற்று வருகிறேன்.

முதலில் சாமான் அறை. கறையான் மண்ணிலிருந்து சுவரோரமாக மண்குழாய் கட்டி ஏறும். அதை உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாளில் பாருங்கள். மீண்டும் கட்டியிருந்தால் கறையான் உள்ளே இருக்கிறது. பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கி, கல்லின்மேல் வையுங்கள். ஏறினாலும் கண்ணில் படும். விறகைச் சுவரோடு அடுக்காதீர்கள்.

அடுத்தது குசினி. அடுப்படி மூலையிலும் அரிசிப் பானையின் பின்னாலும் எலிப் புழுக்கை, கரப்பொத்தான் எச்சம் கிடக்கிறதா? குழாய் வரும் துவாரங்களைச் சீமெந்தால் அடையுங்கள். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல், 2024 டிசம்பரில் வெள்ளத்தின்பின் யாழ்ப்பாணத்தில் சில உயிர்களைக் கொண்டுபோனது. காய்ச்சலோடு உடல் நோவும் வந்தால் கைவைத்தியம் செய்து நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாகக் கிணற்றடியும் மலசலகூடமும். டெங்கு நுளம்பின் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிவிடும். கிழமைக்கு ஒருமுறை பார்ப்பது அதற்காகத்தான். தொட்டியில் தண்ணீரை ஊற்றினால் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவுங்கள். 2016 செப்டெம்பரில் எங்கள் நாடு மலேரியா அற்ற நாடானது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் புதிய மலேரியா நுளம்பு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகும். தாங்கியை மூடுங்கள்; கிணற்றுக்கு வலை போடுங்கள், அல்லது கப்பி மீன் விடுங்கள். மலக்குழியின் காற்றுக்குழாய் வாயில் நுளம்புவலைத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள்.

இதற்குப் பெரிய செலவில்லை. உறுதியைப் போட்டோப் பிரதி எடுத்து, தங்கச்சி வீட்டிலும் ஒன்று வைத்துவிட்டேன். இந்த ஞாயிறு உங்கள் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.